பானெட்டில் மூன்று கோடுகள்

கருப்புக் கார் வேண்டாம் என்று விற்றவரே சொன்னார். "சர், கருப்பு வாங்கினால் ஓட்டுவதைவிடத் துடைப்பதுதான் அதிகமாக இருக்கும்" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். அம்மா கோவையிலிருந்து போனில், "கருப்பு நமக்கு ஆகாது கண்ணு, வெள்ளையா ஒண்ணு பாரு" என்றாள். வேண்டாம் என்று யாராவது சொல்லிவிட்டால் அதைச் செய்துதான் தீருவேன், அது என் பிறவிக் குணம். கருப்பையே வாங்கினேன். ஏழு வருடம் ஆகிறது. விற்றவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை.

வீடு புனேயில், சாங்வியில். அலுவலகம் ஹிஞ்சேவாடியில். தூரம் அதிகமில்லை, ஆனால் போக ஒரு மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். வழியெல்லாம் எதையாவது இடித்துக்கொண்டோ கட்டிக்கொண்டோ இருப்பார்கள். காலையில் கழுவிய வண்டி மாலையில் மாவு மில்லில் நின்றுவிட்டு வந்ததுபோல் இருக்கும். அது மாவாக இருந்தால் பரவாயில்லை. பொடித்த கல் அது. அதன்மேல் காய்ந்த துணியை வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததற்குச் சமம். வெளிச்சம் சாய்வாக விழும்போது பார்த்தால் பெயிண்டில் சிலந்தி வலை பின்னியிருக்கும்.

இதையெல்லாம் நான் படித்தும் பட்டும் தெரிந்துகொண்டேன். முதலில் வெறும் தண்ணீரை அடித்துத் தூசியை இறக்க வேண்டும். பிறகு இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் நல்ல தண்ணீர். துணியை ஷாம்புவில் முக்கி ஒரு பாகம் துடைத்ததும் நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்புவில் முக்கலாம். துணி தரையில் விழுந்துவிட்டால் அதற்கு அன்றைக்குத் தீட்டு, துவைக்கும்வரை தொடக் கூடாது. கவர் போட்டு மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் உண்டு. காற்றில் அந்தக் கவர் படபடவென்று அடித்துத் தனக்குள் இருக்கும் தூசியை வண்டிமேலேயே தேய்ப்பது அவர்களுக்குத் தெரியாது. எங்கள் அபார்ட்மென்ட் சொசைட்டியில் காலையில் எல்லா வண்டிகளையும் துடைக்க ஒருவர் வருவார். முப்பது வண்டிக்கும் ஒரே துணி. அவர் என் வண்டியின் பக்கம் திரும்பினாலே நான் லிஃப்டிலிருந்து ஓடிவருவேன்.

இந்த ஒரு விஷயத்தில் நான் மகா மோசமான ஆள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஊரிலிருந்து வந்த சித்தப்பா வண்டியில் சாய்ந்து நின்று பேசினார் என்பதற்காக, அவருடைய பெல்ட் பக்கிளைப் பார்த்துக்கொண்டே பேசி, பாதி வாக்கியத்தில் அவரைத் தோளைப் பிடித்து நகர்த்தியிருக்கிறேன். அவர் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அலுவலகம் போகும் வழியில் வாகட் பாலத்தருகே பைக்கில் வந்த ஒருவர் பின்பக்கம் உரசிவிட்டுப் போனபோது மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "தலைக்கு வந்தது தலப்பாயோட போச்சுன்னு இருக்கோணும், இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறது?" என்று அம்மா கேட்டாள். அவளிடமும் எரிந்து விழுந்தேன்.

அப்பா போன பிறகு அம்மா எங்களோடு வந்து இருந்தாள். நான்கு வருடம் இருந்தாள். இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. வாட்ச்மேன் அவளைப் பாட்டி என்ற அர்த்தத்தில் "ஆஜி" என்று கூப்பிட்டு மராத்தியில் ஏதோ விசாரிப்பார். அவள் கோயம்புத்தூர்த் தமிழில் தன் முழங்கால் வலியைப் பற்றிப் பதில் சொல்வாள். இருவருக்கும் பேச்சு குறைந்ததே இல்லை. எனக்குத்தான் அவளோடு பேச நேரம் இருந்ததில்லை. காலையில் எழும்போதே அலுவலகத்தின் அழைப்புகள் தொடங்கிவிடும். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டுதான் இட்லி சாப்பிடுவேன், அதோடேயே லிஃப்டில் இறங்குவேன்.

செவ்வாய், வெள்ளியில் அம்மா எனக்கு முன்பே கீழே இறங்கிவிடுவாள். பேஸ்மென்ட்டில் என் வண்டிக்கு முன்னால் நின்று, பானெட்டின் நடுவில் மூன்று விரலால் விபூதி பூசுவாள். முதல் தடவை பார்த்தபோது எனக்கு உயிரே போய்விட்டது. தூசி படிந்த பெயிண்டின்மேல் காய்ந்த விபூதியை வைத்து இழுத்திருந்தாள்.

"அம்மா! இது நெத்தி இல்ல, பெயிண்ட்டு! கீறிப்போயிரும்!"

"துண்ணூறு கீறுமா? உன்ற பேச்சு நல்லாத்தான் இருக்குது."

நான் அங்கேயே நின்று அவளுக்கு ஒரு பாடம் நடத்தினேன். தூசி என்றால் என்ன, காய்ந்த பொடி என்ன செய்யும், தண்ணீர் ஏன் முதலில் வேண்டும். அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு சொம்பில் தண்ணீரும் சின்னக் கிண்ணத்தில் குழைத்த விபூதியுமாக வந்து நின்றாள். "மொதல்லயே தண்ணி ஊத்தித் தூசிய எறக்கிட்டனாக்கும். துண்ணூறக் கொழச்சுட்டேன். விரல் படுதான்னே தெரியாம வெச்சுட்டேன். இப்பக் கீறாதல்லோ?" என்றாள். நான் காதில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கையை மட்டும் ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அவளுடைய கடைசிக் காலையும் ஒரு செவ்வாய்தான். நான் வண்டிக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். மேனேஜர் எதற்கோ கொதித்துக்கொண்டிருந்தார். அம்மா தண்ணீர் ஊற்றி, விபூதி பூசி, கண்ணாடியைத் தட்டினாள். நான் கண்ணாடியை இறக்கி, போனை ஒரு கையால் மூடிக்கொண்டு, "எத்தன தடவம்மா சொல்றது உனக்கு? வேற வேலையே இல்லையா?" என்று கத்தினேன். பேஸ்மென்ட்டில் கத்தினால் எதிரொலிக்கும். அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்து, "செரி, செரி. பாத்துப் போயிட்டு வா சாமி" என்றாள். நான் கிளம்பிவிட்டேன். மதியம் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே மேஜையில் சாய்ந்துவிட்டாள். மனைவி போன் செய்தபோது நான் ஹிஞ்சேவாடியில் இருந்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்து சேர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் நான் இதைத்தான் சொன்னேன். காலையில் வந்து வண்டிக்கு விபூதி வைத்தாள், நான் திட்டினேன், போய்விட்டேன். அவள் கை கடைசியாக எனக்காக வேலை செய்தது என் வண்டியின்மேல்தான். ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில் எனக்குக் குரல் உடையும், கேட்பவர்கள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். சொல்லிச் சொல்லி அந்தக் காலை எனக்குள் அப்படியே உறைந்துவிட்டது.

காரியங்கள் எல்லாம் முடிந்து முதல் நாள் அலுவலகத்துக்குக் கிளம்பினேன். எங்கள் பேஸ்மென்ட்டிலிருந்து மேலே வரும் சரிவு கிழக்கே பார்த்தது. சரிவின் உச்சிக்கு வந்தபோது வெயில் நேராக பானெட்டில் விழுந்தது. அங்கே மூன்று கோடுகள் இருந்தன. நடுவில், குறுக்காக, ஒரு ஜாண் நீளத்துக்கு, வெள்ளையாக.

நான் பிரேக்கை மிதித்த வேகத்தில் பின்னால் வந்த வண்டி இடிக்காமல் தப்பித்தது பெரிய விஷயம். இறங்கிப் போய் விரலை வைத்துப் பார்த்தேன். விரலில் எதுவும் ஒட்டவில்லை. விபூதி இல்லை. தலையைக் கொஞ்சம் நகர்த்தினால் கோடுகளும் இல்லை, வெறும் கருப்பு. மறுபடி பழைய இடத்துக்கு வந்தால் மூன்றும் இருந்தன. பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். பேய் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். ஆனால் அன்றைக்கு வாகட் வரும்வரை பின் சீட்டு தெரியும் கண்ணாடியைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மாலையில் கழுவிப் பார்த்தேன். மறுநாள் காலை சரிவில் ஏறும்போது திரும்ப வந்தன. அப்போதுதான் புரிந்தது, அவை கீறல்கள். பெயிண்டுக்கு மேலே கிளியர் கோட் என்று கண்ணாடி மாதிரி மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. அதில் விழுந்த கீறல்கள். நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பார்ப்பது இதற்கு வழக்கமான சோதனை. நகம் தட்டுப்பட்டால் ஆழமான காயம், தட்டுப்படாவிட்டால் மேலோட்டம், லேசான பாலிஷிலேயே போய்விடும். என் நகத்துக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. வேறு எந்தக் கீறலாக இருந்தாலும் அந்த வாரமே தேய்த்து எடுத்திருப்பேன். இதைத் தொடவில்லை.

இரண்டு வருடம் அந்தக் கோடுகளோடு வாழ்ந்தேன். முதலில் பயந்து, வெயில் ஏறட்டும் என்று தாமதமாகக் கிளம்பினேன். பிறகு வெயில் சரியாக அந்த இடத்தில் விழும் நேரம் பார்த்துக் கிளம்ப ஆரம்பித்தேன். உச்சியில் ஒரு கணம் நிறுத்துவேன். கோடுகள் வரும். "போயிட்டு வர்றேம்மா" என்பேன். உயிரோடு இருந்தபோது அவளிடம் அதைச் சொல்லிவிட்டுப் போன நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் கோடுகள் தெரியாது. அப்போதெல்லாம் அவள் என்மேல் கோபமாக இருக்கிறாள் என்று தோன்றும். சிக்னலில் முன்னால் நிற்கும் வண்டியின் சிவப்பு வெளிச்சத்தில் திடீரென்று மூன்றும் சிவப்பாகத் தெரியும். போனில் படம் எடுத்து வைக்கப் பார்த்தேன். படத்தில் என் தலையும் பேஸ்மென்ட் குழாய்களும்தான் விழுந்தன.

போன மழையில் பேஸ்மென்ட் கூரை ஒழுகியது. சிமென்ட் வழியாக இறங்கும் தண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை, சுண்ணாம்பு. சொட்டுச் சொட்டாக என் வண்டியின் கூரையிலும் பானெட்டிலும் விழுந்து வெள்ளை வட்டங்களாகக் காய்ந்திருந்தது. அதை விட்டுவைத்தால் பெயிண்டையே தின்றுவிடும். எடுக்க வேண்டுமென்றால் முழுக்கப் பாலிஷ் போட வேண்டும். பாலிஷ் என்பது வேறொன்றுமில்லை, மேல் தோலை நூலிழை அளவுக்குச் சீவி எடுப்பது. சுண்ணாம்பு போனால் கோடுகளும் போய்விடும்.

ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். என் மனைவிக்குக் கோடுகளைப் பற்றித் தெரியும், நான்தான் சரிவில் நிறுத்தி அவளுக்குக் காட்டியிருக்கிறேன். அன்றைக்கு அவள் பார்த்துவிட்டு, "ஆமாங்க" என்று மட்டும் சொல்லி வெளியே பார்த்துக்கொண்டாள். கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. கோடுகள் இருக்கும் இடத்தை மட்டும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு, மற்ற இடமெல்லாம் பாலிஷ் போட்டு, பிறகு டேப்பை எடுத்துவிட்டு எல்லாவற்றின்மேலும் கோட்டிங் போட்டுவிட வேண்டும். கோட்டிங் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். அதற்கடியில் என்ன இருக்கிறதோ அது பத்திரமாக இருக்கும். சாதாரணமாக இதைச் செய்யக் கூடாத தப்பு என்பார்கள், கீறலை உள்ளே வைத்துப் பூட்டுவது என்று. எனக்கு வேண்டியிருந்ததே அதுதான்.

ஔந்த் பக்கம் போகிற சாலையில் ஒரு பாலிஷ் கடை இருக்கிறது. நடத்துபவருக்கு என் வயதுதான் இருக்கும், மராத்திக்காரர், என்னிடம் இந்தியில் பேசுவார். வேலையில் பொறுமைசாலி. போன சனிக்கிழமை காலையில் வண்டியை விட்டு விஷயத்தைச் சொன்னேன். "எல்லோரும் எடுக்கச் சொல்லித்தான் வருவார்கள். காப்பாற்றச் சொல்லி நீங்கள்தான் முதல் ஆள்" என்றார். அம்மாவின் கதையைச் சொன்னேன். வழக்கமான இடத்தில் குரலும் உடைந்தது. அவர் உடனே பானெட்டைப் பார்த்துக் கைகூப்பினார். ஒரு சின்ன விளக்கை எடுத்துக்கொண்டு, டேப்பை எங்கே ஒட்டலாம் என்று குனிந்து பார்த்தார்.

பார்த்தவர் நிமிரவே இல்லை. விளக்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தார். பிறகு, "உங்கள் அம்மா எங்கே நின்று வைப்பார்கள்?" என்று கேட்டார்.

"வண்டிக்கு முன்னால்."

"இதைப் போட்டவர் முன்னால் நிற்கவில்லை, சர். இங்கே நின்றிருக்கிறார்." டிரைவர் கதவின் ஓரமாகப் போய் நின்று, உடம்பை வளைத்து, கையை பானெட்டின் நடுவரை நீட்டிக் காட்டினார். கோடுகள் நேராக இல்லை. அவர் தோளிலிருந்து சுற்றியதுபோல் லேசாக வளைந்திருந்தன. இரண்டு வருடமாகத் தினமும் பார்த்தவன், எனக்கு அது தெரிந்ததில்லை.

"இன்னும் பாருங்கள். இது ஒரு கோடு இல்லை. ஒவ்வொன்றும் ஐம்பது அறுபது கோடு. போயிருக்கிறது, திரும்பியிருக்கிறது. விபூதி வைக்கிறவர்கள் கையை ஒரு பக்கமாகத்தான் இழுப்பார்கள். அதுவும் குழைத்து வைத்தால் இப்படி விழவே விழாது. இது காய்ந்த துணி. துணியை உள்ளங்கையால் பிடிக்காமல் மூன்று விரலால் அழுத்தித் தேய்த்திருக்கிறார்கள், விரல் இருந்த இடத்தில் மட்டும் கீறல். அவசரத்தில் எல்லோரும் செய்வதுதான். ஒரு நாள் வேலையும் இல்லை இது, பல நாள் வேலை." அவர் தொழில் பேச்சாகத்தான் பேசினார், என்னைப் பார்க்கக்கூட இல்லை. "யார் துடைத்தது, சர்?"

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு இரண்டு வருடம் ஓடியிருக்கிறது. அதிலும் நான் அதை எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான்தான் துடைத்தேன். ஒவ்வொரு செவ்வாயும் ஒவ்வொரு வெள்ளியும் துடைத்தேன். அலுவலக வாசலில் ஒருவர், "என்ன, கோயில் வண்டியா?" என்று கேட்டுச் சிரித்ததிலிருந்து, அந்த விபூதியோடு ஹிஞ்சேவாடிக்குள் நுழைய எனக்குக் கூச்சமாக இருந்தது. பேஸ்மென்ட்டில் அவள் முன்னால் துடைக்க மனம் வரவில்லை. அதனால் மேலே வந்து, கேட்டைத் தாண்டியதும் குல்மொஹர் மரத்தடியில் நிறுத்துவேன். எஞ்சினை அணைக்காமல், கதவைச் சாத்தாமல் இறங்கி, கதவுப் பையில் கிடக்கும் துணியை எடுத்து, எட்டி, காய்ந்துபோன விபூதியை அழுத்தித் தேய்த்துவிட்டுப் போய்விடுவேன். இரண்டு வாளி வைத்துக் கழுவுகிறவன், சித்தப்பாவின் பெல்ட்டைப் பார்த்துப் பதறுகிறவன், அந்த ஓரிடத்தில் மட்டும் தூசியும் சாம்பலும் சேர்ந்த காய்ந்த துணியைப் போட்டிருக்கிறேன். எரிச்சலில் செய்கிற வேலைக்கு விதி ஏது. அது எனக்கு ஒரு செயலாகவே தோன்றியதில்லை, சீட் பெல்ட் போடுவது மாதிரி ஒரு பழக்கம். அழைப்பைக் கேட்டுக்கொண்டே சரிவேறிய அந்த நாட்களில் அங்கே கீறல் விழுவதும் கண்ணில் பட்டதில்லை. அந்தக் கடைசிச் செவ்வாயும் துடைத்தேன். மேனேஜர் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தார். நான் மரத்தடியில் நின்று, "ஆமா சர், ஆமா சர்" என்று சொல்லிக்கொண்டே, விபூதி போன பிறகும் போகாதது மாதிரி அதே இடத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடமாகக் காலையில் நான் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டது என் கைக்குத்தான். அம்மாவின் விரல் என்று நினைத்து, அவளைத் துடைத்துப்போட்ட தடத்தைப் பாதுகாத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"எடுத்துவிடுங்கள்" என்றேன்.

"யோசியுங்கள் சர். சாயங்காலம் சொன்னாலும் போதும்."

"இப்பவே எடுங்கள்."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு இயந்திரத்தை எடுத்தார். கடினமான மருந்து எதுவும் வேண்டியிருக்கவில்லை. மிருதுவான பஞ்சு வட்டத்தில் நாலு சொட்டு பாலிஷ் வைத்து, மெதுவாக ஓட்டினார். முதலில் லேசானதைத்தான் போட வேண்டும், அதில் போகவில்லை என்றால்தான் அடுத்தது. அதிலேயே போய்விட்டது. பெயிண்டை மிருதுவான துணியால் துடைத்து விளக்கைக் காட்டினார். கருப்பில் அவர் முகமும் என் முகமும் தெரிந்தன. வேறு ஒன்றும் இல்லை. ஒரு கீறலும் போடாமல் போயிருக்கிறாள் அம்மா. தண்ணீர் ஊற்றி, தூசியை இறக்கி, விபூதியைக் குழைத்து, நான் சொன்ன ஒவ்வொன்றையும் கேட்டு நடந்திருக்கிறாள். கடை வாசலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நான் அழுதேன். அவர் இயந்திரத்தை நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்துக்காக அவருக்கு இன்னும் நன்றியோடு இருக்கிறேன்.

மறுநாள் பிற்பகல் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். புது வண்டி மாதிரி மின்னியது. மனைவி கேட்டுக்கு எதிரே காய்கறி வாங்கிக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் வந்தவள், பானெட்டின்மேல் குனிந்து, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள்.

"ஏனுங்க, கோட்டக் காணோம்? டேப் ஒட்டச் சொல்றேன்னீங்க?"

"அது அம்மா கோடு இல்ல. நான் தொடச்சது" என்றேன். மரத்தடியைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருடம். அவளிடம் எதையும் இவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்னதில்லை. அவள் ஆச்சரியப்படவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் நின்றாள்.

"அத்தைக்குத் தெரியுங்க" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீங்க தொடச்சுட்டுப் போறது. மொதல்லருந்தே தெரியும். துண்ணூறு வெச்சுட்டு லிஃப்டுல மேல வந்ததும் செருப்பக்கூடக் கழட்ட மாட்டாங்க. நேரா பால்கனிக்குத்தான் போவாங்க. அங்கிருந்து பாத்தா இந்த மரம் நல்லாத் தெரியும்."

"நீ ஏன் சொல்லல?"

"சொல்லாதேன்னாங்க. சொன்னா நீங்க தொடைக்கறத நிறுத்திருவீங்கன்னு."

எனக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள். "நானே ஒரு நா கேட்டனுங்க. அவருதான் தொடச்சுப் போட்டுட்டுப் போறாரே, எதுக்கு அத்தை முழங்கால் வலியோட கீழ போறீங்கன்னு. 'அவன் தொடைக்கறதுக்காச்சும் ஒரு நிமிசம் நின்னுட்டுப் போறானல்லோ? இல்லாட்டி நான் பால்கனிக்கு வர்றதுக்குள்ள போயிருவானே'ன்னாங்க."

நான் பானெட்டைப் பார்த்தேன். நான்கு வருடத்துச் செவ்வாயும் வெள்ளியும், அவளுக்காக என்று தெரியாமலே நான் நின்ற நிமிடங்கள் எல்லாம் அந்த இடத்தில்தான் இருந்தன. முந்தின நாள் காலையில்தான் நானே நின்று எடுக்கவைத்திருந்தேன்.

"கடைசி நாளும் பாத்தாங்களா?" என்று கேட்டேன்.

"பாத்தாங்க. அன்னிக்கு நீங்க போன் பேசிட்டே ரொம்ப நேரம் நின்னீங்கல்ல? உள்ள வந்து, சிரிச்சுட்டே சொன்னாங்க. 'இன்னிக்கு என்ற பையனக் கண்ணு நெறையப் பாத்துட்டேன் ஆத்தா'ன்னு."